பதின்மூன்றாவது வரி

2021 மார்ச் 1 அன்று கொரோனா தடுப்பூசி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அறுபது வயது தாண்டியவர்களோடு, நாற்பத்தைந்தைத் தாண்டிய இணைநோய்க்காரர்களும் வரலாம் என்றார்கள். எவையெல்லாம் இணைநோய் என்பதற்கு மத்திய அரசு இருபது வரிப் பட்டியல் ஒன்றைக் கொடுத்திருந்தது. இதயக் கோளாறுகளில் தொடங்கி சிறுநீரகம், கல்லீரல் என்று போகும் அந்தப் பட்டியலின் பதின்மூன்றாவது வரி, ஸ்டீராய்டு மாத்திரைகளையோ நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளையோ நீண்டகாலமாகச் சாப்பிடுகிறவர்களைச் சொன்னது. மதுரையில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஐம்பத்தொரு வயது டீச்சர் அந்த வரிக்குள் வந்தார். மருத்துவர் ஒருவர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டால் போதும். பக்கத்து வீட்டு ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்கு முன்பாகவே அவருக்கு ஊசி கிடைத்துவிடும்.

ஆனால் ஜனவரியிலேயே இன்னொரு தாள் அவர் கைபேசிக்கு வந்து சேர்ந்திருந்தது. கோவாக்சின் ஊசிக்கு அதன் தயாரிப்பாளர்களே வெளியிட்ட தகவல் தாள். ஒவ்வாமை உள்ளவர்கள், காய்ச்சலில் இருப்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரோடு, நோய் எதிர்ப்பாற்றலைப் பாதிக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் போட்டுக்கொள்ள வேண்டாம் என்றது அது. கோவிஷீல்டின் தாள் அவ்வளவு கறாராக இல்லை. இப்படிப்பட்ட மருந்து சாப்பிட்டால் ஊசி போடுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டது. ஆக, ஒரு தாள் ‘முதல்ல வாங்க’ என்றது. இன்னொன்று ‘நீங்க வேண்டாம்’ என்றது. மூன்றாவது ‘சொல்லிட்டு வாங்க’ என்றது. மூன்றும் பேசியது ஒரே ஆளைப் பற்றி.

டீச்சருக்கு முடக்குவாதம் வந்தது 2009இல். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்க மறுத்தன. வெந்நீரில் வெகுநேரம் கையை வைத்திருந்தால்தான் சாக்பீஸைப் பிடிக்க முடியும். அவருடைய அம்மா விரல்களைப் பார்த்ததுமே “சரவாங்கி” என்று சொல்லிவிட்டார், பாட்டிக்கும் அதுதானாம். முடக்கத்தான் தோசையிலும் தைலத்திலும் சில மாதங்கள் போயின. பிறகு ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆன்டி சி.சி.பி. என்று ரத்தப் பரிசோதனைகள் எடுத்துப் பெயர் உறுதியானது. இந்த நோயில் உடம்பின் எதிர்ப்பாற்றல், மூட்டுகளின் உட்புறம் உள்ள மெல்லிய சவ்வையே எதிரியாகக் கொள்கிறது. சவ்வு வீங்குகிறது, விட்டுவைத்தால் குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துவிடுகிறது. அதனால் மருந்து என்பது இங்கே வலியைக் குறைப்பதற்கு மட்டும் அல்ல, எதிர்ப்பாற்றலின் கையைக் கொஞ்சம் பிடித்து வைப்பதற்கும்தான்.

அவருக்குக் கிடைத்த முக்கியமான மருந்து மீத்தோட்ரெக்ஸேட். ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் பெயர் பெற்ற மருந்து அது. முடக்குவாதத்துக்கு அதன் சிறிய அளவே போதும். 15 மில்லிகிராம், அதுவும் வாரத்தில் ஒரே ஒரு நாள். வாரம் ஒரு முறை என்பதைத் தினம் என்று தவறாகப் புரிந்துகொண்டு எலும்பு மஜ்ஜை செயலிழந்து இறந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு என்று டாக்டர் முதல் நாளே எச்சரித்திருந்தார். டீச்சர் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். ஞாயிறு இரவு மாத்திரை, திங்கள் காலையில் குமட்டல், மற்ற நாட்களில் ஃபோலிக் அமிலம், தினமும் 5 மில்லிகிராம் பிரட்னிசலோன், கூடவே ஹைட்ராக்ஸிகுளோரோகுவின். பத்தாண்டுகளாக அவருடைய வாரம் இப்படித்தான் ஓடியது.

கொரோனா முதலில் கை வைத்தது இந்த ஒழுங்கில்தான். 2020 மார்ச்சில், கொரோனா நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்கள் ஹைட்ராக்ஸிகுளோரோகுவினை முன்தடுப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைத்தது. அடுத்த சில நாட்களில் மருந்துக் கடைகளில் அது காணாமல் போனது. எந்த நோயும் இல்லாதவர்கள் வாங்கிப் பதுக்கிவைத்தார்கள். அரசு உடனே மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கத் தடை போட்டது, ஏற்றுமதியையும் நிறுத்தியது. அமெரிக்க அதிபர் டிரம்ப் அந்த மாத்திரையைக் கேட்டு இந்தியாவுக்கு நெருக்கடி கொடுத்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே, அதே மாத்திரைக்காக டீச்சரின் கணவர் கடை கடையாக ஏறி இறங்கினார். கொரோனாவை அந்த மருந்து தடுக்கவில்லை என்பது பிறகு பெரிய ஆய்வுகளில் தெளிவானது. அதே மாத்திரையை நம்பியிருந்த லூபஸ் நோயாளிகளுக்கும் முடக்குவாதக்காரர்களுக்கும் அந்தத் தட்டுப்பாடு ஒரு பாடத்தை விட்டுச் சென்றது: அவசர காலத்தில் எல்லோருக்குமாக எடுக்கப்படும் முடிவில் தங்களைப் போன்றவர்கள் கணக்கில் இருப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

அந்த அவநம்பிக்கையோடுதான் அவர் தடுப்பூசிப் பட்டியலையும் பார்த்தார்.

டீச்சரின் பயம் தெருக்காரர்களின் பயம் அல்ல. மலட்டுத்தன்மை வரும், காந்தம் ஒட்டும் என்ற வாட்ஸ்ஆப் செய்திகளை அவர் படித்துவிட்டு அழித்துவிடுவார். அவர் கேட்டது வேறு. எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்புவதுதான் தடுப்பூசியின் வேலை. தனக்குள்ளே ஏற்கெனவே தவறான பக்கம் திரும்பி நிற்கும் ஒன்றைத் தட்டி எழுப்பினால் அது எந்தப் பக்கம் பாயும்? மருந்தால் அடக்கி வைத்திருக்கும்போது தட்டினால் அது எழுந்திருக்குமா? முதல் கேள்வி ஊசி அதிகமாக வேலை செய்துவிடுமோ என்பது. இரண்டாவது வேலையே செய்யாதோ என்பது. நோட்டில் நடுவே கோடு கிழித்து இரண்டையும் இரண்டு பக்கமாக எழுதிக்கொண்டு அவர் டாக்டரிடம் போனார்.

டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு மூன்றாவதாக ஒரு பத்தி போடச் சொன்னார்: ஊசி போடாமல் கொரோனா வந்தால் என்ன ஆகும்? “அதை எழுதாம கணக்கு முடியாது டீச்சர்.”

அந்தப் பத்திக்கு அப்போதே கொஞ்சம் விவரம் இருந்தது. உலகெங்கும் உள்ள மூட்டுவாத மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளின் கொரோனா விவரங்களை ஒரே பதிவேட்டில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். 2020இல் வெளியான அதன் முதல் அறிக்கையில் 40 நாடுகளைச் சேர்ந்த 600 பேர் இருந்தார்கள். தினம் 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரட்னிசலோன் வகை ஸ்டீராய்டு எடுத்தவர்கள் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. அடுத்த ஆண்டு வந்த பெரிய அறிக்கை, மூட்டு நோய் கட்டுக்குள் இல்லாமல் கொதித்துக்கொண்டிருந்தவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. ரிட்டுக்ஸிமாப் மருந்து எடுத்தவர்களுக்கும் ஆபத்து அதிகம். ஆகவே கொரோனாவுக்குப் பயந்து மருந்தை நிறுத்துவதும் பாதுகாப்பல்ல, ஸ்டீராய்டை ஏற்றிக்கொண்டு போவதும் பாதுகாப்பல்ல. டீச்சரின் 5 மில்லிகிராம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தது. அதற்கு மேல் போகவிடக் கூடாது என்றார் டாக்டர்.

பிறகு ஊசிகளைப் பற்றிப் பேசினார். எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்டவர்களுக்கு உண்மையில் ஆகாதவை உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்யும் தடுப்பூசிகள்: தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல், பி.சி.ஜி. போன்றவை. பலவீனமான கிருமிகூட அவர்கள் உடம்பில் பெருகி நோயாகிவிடலாம். கோவாக்சினில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். கோவிஷீல்டில் இருப்பது சிம்பன்சியிடமிருந்து எடுத்த சளி வைரஸ். ஆனால் உடம்புக்குள் பெருக முடியாதபடி வெட்டித் திருத்தப்பட்டது. இரண்டும் பெருகாது. அப்படியானால் கோவாக்சின் தாளில் இருந்த எச்சரிக்கை எதற்கு? தடுப்பூசிகளின் பெரிய சோதனைகளில் டீச்சரைப் போன்றவர்களைச் சேர்க்கவே இல்லை. சோதித்துப் பார்க்காதவர்களுக்கு ஊசி நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது. சிலர் ‘வேண்டாம்’ என்று எழுதிவிடுகிறார்கள், சிலர் ‘சொல்லுங்கள்’ என்று எழுதுகிறார்கள். டாக்டர் இதைச் சொன்ன விதம் டீச்சருக்குப் பிடித்திருந்தது. ஒன்றும் ஆகாது என்று அவர் முதுகில் தட்டவில்லை.

மூட்டு நோய் கிளம்புமா என்ற கேள்விக்கு அப்போது டாக்டரிடம் எண் இல்லை. பிறகு வந்தது. ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர்களின் பதிவேட்டில், ஊசி போட்டுக்கொண்ட 5,121 பேரின் விவரம் சேர்ந்தது. அழற்சி மூட்டு நோய் உள்ளவர்களில் 4.4 சதவீதம் பேருக்கு நோய் கிளம்பியிருந்தது. கடுமையாகக் கிளம்பியது 0.6 சதவீதம் பேருக்கு. அந்தக் கிளம்பலில் எவ்வளவு ஊசியால், எவ்வளவு இந்த நோய் எப்போதும் செய்வதுபோலத் தானாக என்று பிரிப்பது கடினம். ஊசியே போடாத மாதத்திலும் டீச்சரின் மணிக்கட்டு வீங்கியதுண்டு.

ரத்த உறைவும் பேச்சில் வந்தது. கோவிஷீல்டும் ஐரோப்பாவின் ஆஸ்ட்ராஜெனெகாவும் ஒரே தடுப்பூசி. மார்ச் நடுவில் பல ஐரோப்பிய நாடுகள் அதை நிறுத்திவைத்தன. ஏப்ரல் 7 அன்று ஐரோப்பிய மருந்து முகமை, தட்டணுக்கள் குறைந்து விசித்திரமான இடங்களில் ரத்தம் உறைவதை மிக அரிய பக்க விளைவாகப் பட்டியலில் சேர்த்தது. தாங்க முடியாத தலைவலி, மூச்சுத்திணறல், கால் வீக்கம், ஊசி போட்ட இடம் தவிர மற்ற இடங்களில் சிவப்புப் புள்ளிகள்: இவற்றில் எது வந்தாலும் நான்கு வாரம் வரை உடனே வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். முடக்குவாதம் இருப்பதால் இது கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னார்.

முடிவு கோவிஷீல்டு என்று ஆனது. தேதி குறிக்கப்பட்டது. அந்த வாரத்தில்தான் தமிழ்நாடே கலங்கிய செய்தி வந்தது.

நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேமராவுக்கு முன்னால் பேசினார். மறுநாள் மயங்கி விழுந்தார். 17ஆம் தேதி விடியற்காலை இறந்துவிட்டார். மாரடைப்பு, இதயத்தின் முக்கிய ரத்தக் குழாயில் முழு அடைப்பு, ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். யார் காதிலும் அது ஏறவில்லை. முந்தின நாள் வரை வரிசை நின்ற மையங்களில் கூட்டம் குறைந்தது. பின்விளைவுகளை ஆராயும் தேசியக் குழு அந்த மரணத்தைப் பரிசீலித்து, தடுப்பூசி காரணமல்ல என்று அறிவித்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. ஒரு பயம் பரவ ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. அதற்குப் பதில் வர ஆறு மாதம் பிடித்தது.

“மதினி, அவரு மரம் நட்டுக்கிட்டு ஆரோக்கியமா திரிஞ்ச மனுசன். உங்களுக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்ல. கொஞ்ச நாள் பொறுங்களேன்” என்றாள் கணவரின் தங்கை. கணவர் எதுவும் சொல்லவில்லை, ஆனால் சான்றிதழை மேசை மேல் இருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்தார். டீச்சர் இரண்டு நாள் பொறுத்தார். டாக்டரிடம் தொலைபேசியில் அவர் கேட்டது ஒரே கேள்வி: விவேக்குக்கு நடந்தது அந்த மூன்று பத்தியில் எதையாவது மாற்றுகிறதா? மாற்றவில்லை என்றார் டாக்டர். விவேக் போட்டுக்கொண்டது கோவாக்சின், டீச்சருக்குச் சொன்னது கோவிஷீல்டு, இறப்புக்குச் சொல்லப்பட்ட காரணம் இதய அடைப்பு. வேண்டுமானால் போவதற்கு முன் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளலாம். டீச்சர் ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டு, அந்த மாதக் கடைசியில் ஊசியும் போட்டுக்கொண்டார். அரை மணி நேரம் உட்காரவைத்து அனுப்பினார்கள். இரவு காய்ச்சல், பாராசிட்டமால், மறுநாள் கை தூக்க முடியாத வலி. எல்லோருக்கும் வந்ததுதான்.

எல்லோருக்கும் வராத ஒன்று அதற்கடுத்து இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாத்திரை.

மீத்தோட்ரெக்ஸேட் தடுப்பூசியின் பலனைக் குறைக்கலாம் என்பது சளிக்காய்ச்சல் தடுப்பூசியில் முன்பே தெரிந்த விஷயம். தென் கொரியாவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், ஃபுளூ ஊசிக்குப் பின் இரண்டு வாரம் அந்த மாத்திரையை நிறுத்தியவர்களில் 75.5 சதவீதம் பேருக்குப் போதிய எதிர்ப்பு உண்டானது, நிறுத்தாதவர்களில் 54.5 சதவீதம்தான். அதை வைத்து அமெரிக்க மூட்டுவாதக் கல்லூரி, கொரோனா ஊசியின் ஒவ்வொரு டோஸுக்குப் பின்னும் நோய் கட்டுக்குள் இருந்தால் ஒரு வாரம் மாத்திரையை விடலாம் என்றது. டீச்சரின் டாக்டர் கொரிய ஆய்வைப் பின்பற்றி இரண்டு வாரம் நிறுத்தச் சொன்னார். இரண்டு ஞாயிறுகள் மாத்திரை இல்லாமல் போயின. திங்கட்கிழமைகளில் குமட்டல் இல்லை. அது சுகமாகத்தான் இருந்தது. ஆனால் மே மாதம் பாதியில் வலது மணிக்கட்டு வீங்கியது. காலையில் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது.

“பாத்தீங்களா மதினி?” என்றாள் கணவரின் தங்கை. ஊசியா, நிறுத்திய மாத்திரையா? அந்த வீக்கத்தைப் பார்த்து எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. மாத்திரையைத் திரும்பத் தொடங்கியதும் சில வாரங்களில் அடங்கியது.

இதற்கான பதில் மதுரையிலிருந்து வெகு தூரத்தில் இல்லை, கொச்சியில் தயாராகிக்கொண்டிருந்தது. அங்கே மூட்டுவாத மருத்துவர்கள், கோவிஷீல்டு போட்ட முடக்குவாத நோயாளிகளையும் சொரியாசிஸ் மூட்டு நோயாளிகளையும் வைத்து மைவாக் என்ற பெயரில் இரண்டு சோதனைகள் நடத்தினார்கள். ஒன்றில், இரண்டு டோஸுக்குப் பின்னும் மாத்திரையை நிறுத்தினார்கள். மற்றொன்றில் இரண்டாவது டோஸுக்குப் பின் மட்டும். நிறுத்தியவர்களுக்கு எதிரணுக்கள் கூடுதலாக வந்தன. ஆனால் இரண்டு முறையும் நிறுத்தியவர்களுக்கு நோய் கிளம்புவது அதிகமாக இருந்தது. இரண்டாவது முறை மட்டும் நிறுத்தினாலே எதிரணு லாபம் கிடைத்துவிடுகிறது என்பது 2022இல் வெளியான அவர்களுடைய முடிவு. இங்கிலாந்தில் ஊக்க டோஸை வைத்து நடந்து அதே ஆண்டு வெளியான ஆய்வும், இரண்டு வாரம் நிறுத்துவதால் எதிரணு இரு மடங்கு வரை கூடுவதைக் காட்டியது. டீச்சரின் மணிக்கட்டு அந்தக் கணக்கில் சேரவில்லை என்றாலும், ஊசியைவிட மாத்திரையை விட்டதுதான் சந்தேகத்துக்குரியது என்று டாக்டர் பிறகு சொன்னதற்குக் கொச்சி ஆய்வு துணை நின்றது.

இரண்டாவது டோஸ் வேறு காரணத்தால் தள்ளிப்போனது. மார்ச்சில் ஆறு முதல் எட்டு வாரம் என்றிருந்த கோவிஷீல்டு இடைவெளி மே 13 அன்று பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் ஆனது. இடைவெளி நீண்டால் எதிர்ப்பு வலுவாகிறது என்ற இங்கிலாந்து அனுபவம் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. கையிருப்புத் தட்டுப்பாடும் ஊரறிந்த விஷயம். ஆரோக்கியமானவருக்கு அது லாபமாக இருக்கலாம். முதல் டோஸ் அரைகுறையாகத்தான் பிடிக்கும் என்று சந்தேகிக்கப்படுகிற ஒருவருக்கு, அலை உச்சத்துக்குப் போகும் மாதங்களில் ஒற்றை டோஸோடு இருப்பது வேறு விஷயம். தடுப்பூசிக்கு முன்பதிவு செய்யும் கோவின் தளம் இந்த வித்தியாசத்தைக் கேட்கவில்லை. தேதியைப் போட்டால் இன்னும் நாள் இருக்கிறது என்று திருப்பி அனுப்பியது.

மே 17 அன்று இந்தியாவின் ரத்த உறைவு எண் வெளியானது. சந்தேகத்துக்குரியவை 26, பத்து லட்சம் டோஸுக்கு 0.61. இங்கிலாந்தில் அது 4, ஜெர்மனியில் 10 என்று அதே அறிவிப்பு சொன்னது. டீச்சர் சிறிய எண்ணை நம்பி ஆறுதல் அடையவில்லை. தேடுகிற இடத்தில்தான் அரிய நோய் அகப்படும். நம் ஊரில் எத்தனை பேருக்குத் தலையில் ஸ்கேன் எடுத்திருப்பார்கள் என்று கேட்டார். அதனால் ஜெர்மனியின் எண்ணையே எடுத்துக்கொண்டார்: லட்சத்தில் ஒருவர். மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. ஏழரைக் கோடிப் பேர் உள்ள மாநிலத்தில் அது இரண்டாயிரத்தில் ஒருவரை ஒட்டி வரும், அதுவும் பரிசோதனையில் சிக்கியது மட்டும், ஒரே நாளில். நோட்டின் மூன்றாவது பத்தியை அவர் அன்று மூடினார். அந்தத் தெருவில் இரண்டு வீடுகளில் ஆம்புலன்ஸ் நின்ற வாரம் அது. ஆக்சிஜன் படுக்கைக்காக அவர் பள்ளியின் ஆசிரியர்கள் குழுவில் இரவெல்லாம் செய்திகள் வந்துகொண்டிருந்தன.

ஜூலையில் இரண்டாவது டோஸ் முடிந்தது. இந்த முறை டாக்டர் நிறுத்தச் சொன்னது ஒரே ஒரு ஞாயிறு. மணிக்கட்டு பேசாமல் இருந்தது.

எதிரணு எவ்வளவு வந்தது என்று பார்த்துவிடலாமே என்று பரிசோதனைக் கூடங்கள் அப்போது விளம்பரம் செய்தன. சக ஆசிரியர்கள் தங்கள் எண்ணைத் தேர்வு மதிப்பெண்போல ஒப்பிட்டுக்கொண்டார்கள். டாக்டர் வேண்டாம் என்றார். எத்தனை இருந்தால் பாதுகாப்பு என்ற கோடு இல்லாதபோது எண் அதிகமாக வந்தால் முகக்கவசம் கழன்றுவிடும், குறைவாக வந்தால் தூக்கம் கெடும். இரண்டாலும் சிகிச்சை மாறாது. கணக்கு டீச்சருக்கு ஓர் எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது சிரமமாக இருந்தது. கேட்டுக்கொண்டார்.

எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு மூன்றாவது டோஸை அமெரிக்கா 2021 ஆகஸ்டிலேயே அனுமதித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைக் குழு அக்டோபரில் அதையே பரிந்துரைத்தது. இந்தியாவில் 2022 ஜனவரி 10 அன்று முன்னெச்சரிக்கை டோஸ் தொடங்கியபோது அது மருத்துவப் பணியாளர்களுக்கும் முன்களப் பணியாளர்களுக்கும், இணைநோய் உள்ள அறுபது வயதுக்காரர்களுக்கும்தான். 2021 மார்ச்சில் முன்வரிசையில் நின்ற பதின்மூன்றாவது வரி, அறுபது வயது ஆகாதவர்களுக்கு இந்த வரிசையில் இல்லை. ஏப்ரல் 10 அன்று பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் தனியார் மையங்களில் கட்டணத்துக்குத் திறந்தபோது டீச்சர் 225 ரூபாயும் சேவைக் கட்டணமும் கொடுத்துப் போட்டுக்கொண்டார்.

கொரோனா கற்றுக்கொடுத்த அந்த மூன்று பத்திப் பழக்கம் பிறகு மற்ற ஊசிகளுக்கும் தொடர்ந்தது. நிமோனியா தடுப்பூசி, ஆண்டுதோறும் ஃபுளூ ஊசி. இரண்டும் உயிரற்றவை, பிரச்சினை இல்லை. பேரனுக்கு ஒன்றரை மாதத்தில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து கொடுத்தபோது புதிய கேள்வி வந்தது. அது உயிருள்ள மருந்து. குழந்தையின் மலத்தில் சில நாட்கள் வெளியேறும். குழந்தைக்குக் கொடுக்காமல் விடுவது தவறு, பாட்டி பேரனைத் தூக்காமல் இருக்கவும் தேவையில்லை. ஆனால் சில வாரங்களுக்கு அணையாடை மாற்றுகிற வேலையை வேறு யாராவது பார்க்கட்டும், தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்றார் டாக்டர். டீச்சரின் மருமகன் அந்த வேலையை ஏற்றுக்கொண்டதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

அதே கிளினிக்கில் காத்திருந்த ஒரு நாள், கர்ப்பிணி ஒருவரிடம் டாக்டர் வாசல் வரை வந்து திரும்பத் திரும்பச் சொன்னதை டீச்சர் கேட்டார். கர்ப்பத்தின் கடைசி மாதங்கள் வரை அடலிமுமாப் ஊசி எடுத்துக்கொண்டிருந்த பெண் அவர். அந்த மருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சில மாதங்கள் தங்கியிருக்கும். இந்தியாவில் குழந்தை பிறந்ததும் பி.சி.ஜி. போட்டுவிடுவார்கள், கேட்டுக்கொண்டெல்லாம் போடுவதில்லை. இங்கிலாந்தில் இதே வகை மருந்தை எடுத்த தாய்க்குப் பிறந்த குழந்தை பி.சி.ஜி.க்குப் பின் அந்தக் கிருமி உடலெங்கும் பரவி இறந்தது 2010இல் பதிவாகியிருக்கிறது. “பிரசவ அறைக்குப் போறதுக்கு முன்னாடியே இந்தச் சீட்டை ஃபைல்ல முதல் பக்கமா வைம்மா. பி.சி.ஜி. ஆறு மாசம் கழிச்சு.” அந்தப் பெண்ணின் மாமியார் சீட்டை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

2023இல் டீச்சரின் மருந்து மாறியது. மீத்தோட்ரெக்ஸேட்டோடு டோஃபாசிட்டினிப் சேர்ந்தது. அந்த வகை மாத்திரைகளோடு வரும் தெரிந்த தொல்லை அக்கி: சின்னம்மை வைரஸ் நரம்பில் வருடக்கணக்காகத் தங்கியிருந்து மீண்டும் கிளம்புவது. ஆசிய நோயாளிகளிடம் இது கூடுதலாகவே காணப்பட்டிருக்கிறது. பழைய அக்கித் தடுப்பூசி உயிருள்ளது, அவருக்கு ஆகாது. புதிய தடுப்பூசியான ஷிங்ரிக்ஸ் அப்படியல்ல; வைரஸின் ஒரு புரதமும் எதிர்ப்பைக் கூட்டும் துணைப்பொருளும் சேர்ந்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய சோதனையில் அது 97 சதவீதம் பலன் காட்டியது. அதே ஆண்டுதான் இந்தியாவுக்கு வந்திருந்தது. இரண்டு டோஸ், அப்போது ஒவ்வொன்றும் பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலை. எதிர்ப்பைக் கூட்டும் அந்தத் துணைப்பொருள் பற்றி டீச்சர் மறுபடியும் பழைய கேள்வியைக் கேட்டார். கை வலியும் காய்ச்சலும் மற்ற ஊசிகளைவிட அதிகமாகவே இருக்கும் என்றார் டாக்டர். மூட்டு கிளம்பினால் சமாளிக்கலாம், கண்ணில் அக்கி வந்தால் பார்வையே போகலாம்.

“எத்தனை ஞாயிறு நிறுத்தணும் டாக்டர்?”

“ஒண்ணும் நிறுத்த வேணாம்.” அமெரிக்க மூட்டுவாதக் கல்லூரியின் புதிய வழிகாட்டுதல் ஃபுளூ ஊசிக்கு மட்டும்தான் மீத்தோட்ரெக்ஸேட்டை இரண்டு வாரம் நிறுத்தலாம் என்கிறது, மற்ற உயிரற்ற தடுப்பூசிகளுக்கு மாத்திரை தொடரலாம். டீச்சர் நோட்டில் அதைத் தேதியோடு குறித்துக்கொண்டார். முதல் டோஸ் 2024 பிப்ரவரியில் போடப்பட்டது. இரண்டாவதை இரண்டிலிருந்து ஆறு மாதத்துக்குள் போடலாம், அவருக்குச் சீக்கிரம் முடித்தாலும் சரிதான் என்று டாக்டர் சொன்னபோது, ஏப்ரலில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம் இருக்கிறது, கை வலியோடு கட்டுக் கட்டாகத் திருத்த முடியாது என்று டீச்சர் மறுத்துவிட்டார். மே முதல் வாரம் என்று முடிவானது.